ஏப்ரல் 1, 2003-க்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள்

20.01.2019, ஞாயிறு

நாளை மறுநாள் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்குகிறது. டிசம்பர் 4-ஆம் தேதியே தொடங்கியிருக்க வேண்டியது, கஜா புயல், நீதிமன்ற வழக்கு என்று தள்ளிப்போனது. தமிழ்நாட்டு ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ வைத்திருக்கும் கோரிக்கைகளில் ஊதியக் குழு உயர்வின் 21 மாத நிலுவை, இடைநிலை ஆசிரியர் ஊதிய முரண்பாடு எல்லாம் உண்டு. ஆனால் இன்றைய வட்டாரக் கூட்டத்தில் எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்தது சிபிஎஸ் எனப்படும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தை ரத்து செய்யும் கோரிக்கையில்தான்.

ஆசிரியர் அல்லாதவர்களும் இதைப் படிப்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். 1.4.2003-க்கு முன் பணியில் சேர்ந்தவருக்குக் கடைசி ஊதியத்தில் பாதி ஓய்வூதியம், அதன்மேல் அகவிலைப்படி, பணிக்கொடை, அவர் காலத்துக்குப் பின் குடும்ப ஓய்வூதியம். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்து அதில் 10 சதவீதத்தை மாதாமாதம் பிடிக்கிறார்கள். அரசும் அதே அளவு போடுகிறது. ஓய்வு பெறும்போது வட்டியோடு ஒரு தொகை வரும், அவ்வளவுதான். அடுத்த மாதத்திலிருந்து வருமானம் இல்லை. பணிக்கொடையும் இல்லை. பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் மனைவிக்கோ கணவருக்கோ குடும்ப ஓய்வூதியம் இல்லை.

நான் 2004-இல் சேர்ந்தேன். பட்டதாரி ஆசிரியர், படிகள் எதுவும் இல்லாத தொகுப்பூதியம் 4,000 ரூபாய். 1.6.2006-இல்தான் முறையான ஊதியத்துக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து பிடித்தம் நடக்கிறது.

22.01.2019, செவ்வாய்

எங்கள் பள்ளியில் எல்லாரும் இறங்கிவிட்டோம். தலைமையாசிரியரும் வந்துவிட்டார். அவர் 1988-இல் சேர்ந்தவர், பழைய ஓய்வூதியக்காரர், அடுத்த வருடம் ஓய்வு. குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஒன்று நிலுவையில் இருந்தாலே அவருடைய பணப்பலன்கள் எல்லாம் நின்றுபோகும். "சார், நீங்க விடுப்பு போட்டுட்டு வீட்டுல இருங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டோம்" என்று நானே சொன்னேன். "எனக்குக் கிடைக்கிறது எனக்கு முன்னாடி ஜெயிலுக்குப் போனவங்க வாங்கிக் கொடுத்தது டீச்சர்" என்றார். அப்புறம் கொடியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பதினாறு வருடமாக ஆசிரியர் அறைகளைப் பிரித்து வைத்திருக்கும் தேதி அந்த ஏப்ரல் 1, 2003. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே வருகைப் பதிவேடு. ஆனால் முதுமை மட்டும் வேறு வேறு. 'உங்க பிரச்சினையை நீங்க பாத்துக்கோங்க' என்று மூத்தவர்கள் ஒதுங்கியிருந்தால் இந்தப் போராட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது. எந்த அரசுக்கும் வசதி, இனி வரப்போகிறவர்களின் உரிமையை வெட்டுவதுதான். அன்றைக்கு எதிர்த்துக் குரல் கொடுக்க அவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள் அல்லவா? 2003-இல் நடந்தது அதுதான்.

23.01.2019, புதன்

25-ஆம் தேதிக்குள் ஆசிரியர்கள் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதாகச் செய்தி. இளைய ஆசிரியர்கள் முகம் வாடிவிட்டது.

பந்தலில் பழைய ஆட்கள் 2003 ஜூலை வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். அன்றைக்கு டெஸ்மா என்ற தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே இல்லை என்று ரங்கராஜன் வழக்கில் தீர்ப்பு வந்த நாள் 6.8.2003. பங்களிப்பு ஓய்வூதியத்துக்கான அரசாணை 259-இன் தேதியும் 6.8.2003. ஏப்ரல் 1-லிருந்தே நடைமுறை என்று பின்தேதியிட்டுப் போட்ட ஆணை. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதே உச்ச நீதிமன்றம்தான் 1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில், ஓய்வூதியம் அரசு மனம் இரங்கிக் கொடுக்கும் கொடை அல்ல, உழைத்தவரின் உரிமை என்றும் சொன்னது.

25.01.2019, வெள்ளி

மறியல். கைது. கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விட்டார்கள். நிர்வாகிகள் சிலரை விடவில்லை. கைக்குழந்தையோடு வந்த ஆசிரியைக்கு மண்டபத்தில் ஒரு தனி அறை கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

27.01.2019, ஞாயிறு

இன்று நாலைந்து பேராக வீடு வீடாகப் போனோம். மேடையில் பேசுவதைவிட இது கடினம், இதுதான் முக்கியம் என்றும் நினைக்கிறேன். சம்பளம் பத்தவில்லை என்று ஆசிரியர்கள் தெருவில் நிற்கிறார்கள் என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா, கஜாவில் தென்னந்தோப்பு முழுவதையும் இழந்தவர், நேராகவே கேட்டார். "எங்களுக்கு யாரு டீச்சர் பென்ஷன் தர்றா?"

நியாயமான கேள்வி. முதியோர் உதவித்தொகையாக மாதம் 1,000 ரூபாயை வைத்துக்கொண்டு யாராலும் வாழ முடியாது, விவசாயிக்கும் மரியாதையான ஓய்வூதியம் வேண்டும், அதைக் கேட்டு நீங்கள் நின்றால் உங்களோடு நாங்கள் நிற்போம் என்றேன். இருப்பவரிடமிருந்து பிடுங்கினால் இல்லாதவருக்கு அது வந்து சேர்ந்துவிடாது என்பதையும் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆனால் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார், பிள்ளையின் கணக்குப் பாடத்தைப் பற்றி விசாரித்தார்.

28.01.2019, திங்கள்

10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கிறார்கள். மாலையில் என் பழைய மாணவி போன் செய்தாள். பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் எழுதித் தேறி, வேலை கிடைக்காமல் இருப்பவள். "டீச்சர், விண்ணப்பம் போடட்டுமா? நீங்க வருத்தப்படுவீங்களா?"

உடனே பதில் வரவில்லை. அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். உன்மேல் எனக்குக் கோபமே இல்லை, ஆனால் நாங்கள் திரும்பிய அன்றே உன்னை அனுப்பிவிடுவார்கள், நிரந்தர வேலையும் வராது, அப்படியே வந்தாலும் உனக்கும் சிபிஎஸ்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, சிபிஎஸ் பற்றி ஆராய அரசு போட்ட வல்லுநர் குழு என்ன ஆயிற்று என்று கேட்டாள். 2016-இல் போட்ட குழு, தலைவர் மாறி, போன நவம்பரில்தான் அறிக்கை கொடுத்தது, அதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு இன்னும் காட்டவில்லை என்று சொன்னேன்.

30.01.2019, புதன்

வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. பொதுத்தேர்வு நெருங்குவதால் மாணவர் நலன் கருதி என்று அறிவிப்பு. கோரிக்கை எதுவும் நிறைவேறவில்லை. பலர் பணியிடை நீக்கத்தில், சிலர் இன்னும் சிறையில். பந்தலில் இளைய ஆசிரியர்கள் சிலர் அழுதார்கள், சிலர் தலைமைமேல் கோபப்பட்டார்கள். என்னைக் கேட்டால் இந்த முடிவு சரிதான். இன்னும் இழுத்திருந்தால் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பியிருப்பார்கள். சேர்ந்து திரும்பினால்தான் மறுபடி சேர்ந்து இறங்க முடியும்.

31.01.2019, வியாழன்

பள்ளிக்குப் போனோம். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பதினோரு மணிக்குத் தலைமையாசிரியருக்கு 17(பி) விதியின்படி குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். விளக்கம் எழுத நானும் உட்கார்கிறேன் என்றேன். சரி என்றார்.

போராடிய நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. வெட்டிக் குறைத்த சம்பளத்திலும் சிபிஎஸ் பிடித்தம் இருக்கும். பணியிடை நீக்கத்தில் இருப்பவர்களின் வீடுகளுக்கு ஆளுக்கு ஒருநாள் ஊதியம் என்று நிதி திரட்ட முடிவு செய்திருக்கிறோம், எங்கள் வட்டாரப் பட்டியல் என் பொறுப்பு. ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூட்டம். சிபிஎஸ் எண், சேர்ந்த தேதி, இதுவரை பிடித்த தொகை மூன்றையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பழைய ஓய்வூதியக்காரர்களும் கட்டாயம் வரவேண்டும்.