ஒரு சாக்கெட்டைத் தேடிய விடியற்காலை

பெங்களூரு தேவனஹள்ளியில், விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் அது எனக்குத் தொடர்ந்து நான்காவது நைட் ஷிப்ட். ராமமூர்த்தி நகர் வீட்டில் கைக்குழந்தை. பகலில் நான்கு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம்.

ஏ320 பயணிகள் விமானம் ஒன்றின் இடது இன்ஜினில் வேலை. மூன்றரை மணி வாக்கில் பக்கத்து விமானத்துக்கு ஒரு கை வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன். திரும்பி வருவதற்குள் இன்னொருவர் மீதியை முடித்து, இன்ஜினைச் சுற்றியுள்ள மூடியான ஃபேன் கௌலையும் மூடியிருந்தார். ஐந்து மணிக்கு டூல் பாக்ஸை ஒப்படைக்கும்போதுதான் பார்த்தேன்: ஒவ்வொரு டூலுக்கும் குழி வெட்டிய ஃபோமில், போல்ட்டைத் திருகும் 3/8 அங்குல சாக்கெட்டின் குழி காலி.

ஏழு மணிக்கு விமானம் கிளம்ப வேண்டும். "அப்புறம் கொண்டுவந்து தர்றேன்" என்று ஸ்டோரில் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் மனம் அலைந்தது உண்மை. அப்போது, முன்பு எப்போதோ படித்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. 2013 மே 24, லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். ஏ319 ஒன்றில் இரவு வேலையின்போது இரண்டு இன்ஜின்களின் கௌல்களும் பூட்டப்படாமல் நின்றுவிட்டன. பாதியில் விட்ட வேலையை முடிக்கத் திரும்பியவர்கள் போய் நின்றது வேறொரு விமானத்திடம். காலையில் டேக் ஆஃப் ஆகும்போது கௌல்கள் பிய்த்துக்கொண்டு போய், வலது இன்ஜினில் தீப்பிடித்தது. நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள்.

வேலூர்க்காரரான சீனியர் இன்ஜினியரிடம் போனேன். "சார், ஒரு சாக்கெட்டைக் காணோம்." அவர் கோபப்படவில்லை. "சரி தம்பி, கௌலைத் திற," என்றார். விமானம் பறக்கலாம் என்று போடும் ரிலீஸ் கையெழுத்து நின்றது. டார்ச்சும் கண்ணாடியுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினோம். இன்ஜினின் அடிப்பக்கம், ஒயர் கட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் கிடந்தது. விமானம் தாமதமாகத்தான் போனது.

இரண்டு நாள் கழித்து விசாரணை. பராமரிப்புத் தவறுகள் ஏன் நடந்தன என்று ஆராய போயிங் 1990-களில் உருவாக்கிய மீடா (MEDA) முறையில் ஒரு படிவம். "என் கவனக்குறைவுதான் சார்," என்று ஆரம்பித்தேன். விசாரித்தவர் அதை எழுதவே இல்லை. எத்தனையாவது இரவு, எவ்வளவு தூங்கினாய், வெளிச்சம் போதுமா, யார் கூப்பிட்டார், பாதி வேலையை யாரிடம் எப்படிச் சொல்லிவிட்டுப் போனாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வாயால்கூடச் சொல்லாமல் போயிருந்தேன். லைசென்ஸ் தேர்வுக்கு 9-வது மாட்யூலில் மனித காரணிகளை, அதாவது களைப்பு, கவனச்சிதறல் போன்றவை வேலையை எப்படிப் பாதிக்கும் என்பதை, மனப்பாடமாகப் படித்தவன்தான் நான். அந்த மேசை முன்னால் உட்கார்ந்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

எனக்குத் தண்டனை வரவில்லை. தொடர் நைட் ஷிப்ட் மூன்றாகக் குறைந்தது. பாதியில் எழுந்து போகிறவர் எதுவரை முடித்தார் என்று, வேலையின் படிகள் உள்ள டாஸ்க் கார்டில் எழுதிவிட்டுத்தான் நகர வேண்டும் என்றானது. திரும்பி வந்தால் மூன்று படி பின்னால் போய் அங்கிருந்து தொடங்குகிறேன். கௌலை மூடும் முன் பாக்ஸைத் தரையில் திறந்து வைத்து, ஜூனியர் பையன் கேட்கும்படி ஒவ்வொரு டூலையும் வாய்விட்டு எண்ணுகிறேன்.