எந்த ஸ்கீ, எந்தப் படகு என்று கேட்பவர்களுக்கு

படகு இழுக்க, ஒற்றை ஸ்கீயில் தண்ணீர் மேல் மிதவைகளைச் சுற்றி ஓடும் ஸ்லாலம் பழகத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்த ஸ்கீ வாங்கலாம்? நான் திருப்பிக் கேட்பது, இப்போது கயிறு எத்தனை மீட்டரில் இருக்கிறது, படகு என்ன வேகத்தில் போகிறது. இது தெரியாமல் ஸ்கீ, அதன் வாலடியில் இருக்கும் தகடான ஃபின், கேமரா, படகு என்று எதைப் பேசியும் பயனில்லை, ஏனென்றால் வீடியோக்களில் வரும் பரிந்துரைகளில் பாதி, உங்களைவிட ஆறேழு மீட்டர் குட்டையான கயிற்றில் ஓடுகிறவர்கள் தங்களுக்குச் சரிப்பட்டதைச் சொல்வது.

புதியவர்களுக்காகக் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோர்ஸ் என்னும் ஓட்டப் பாதை, உள்ளே நுழையும் கேட்டிலிருந்து வெளியேறும் கேட் வரை 259 மீட்டர். இடையில் ஆறு மிதவைகள், இடமும் வலமுமாக மாறி மாறி, ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி. படகு நடுவில் நேராகப் போகும், குறுக்கே வெட்டிப் போய் ஒவ்வொரு மிதவையையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வருவது உங்கள் வேலை. ஆண்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 58 கி.மீ., பெண்களுக்கு 55. 58இல் மொத்த ஓட்டமும் 16 வினாடியில் முடிந்துவிடும். உச்ச வேகத்தை எட்டிய பிறகு கயிற்றைக் குறைப்பார்கள்: 18.25, 16, 14.25, 13, 12, 11.25 என்று போய் 9.75 வரை. 11.25க்கு வந்ததுமே கயிறு மிதவை வரை எட்டாது, மிச்சத்தை நீட்டிய கையும் சாய்ந்த உடம்பும்தான் எட்ட வேண்டும். 2013இல் அமெரிக்க வீரர் நேட் ஸ்மித் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவை சுற்றினார். நம்மில் பலர் 18.25க்கும் 14.25க்கும் நடுவில்தான் இருக்கிறோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் வாங்கும் சாமான் அந்த இடத்துக்குப் பொருந்த வேண்டும்.

சரி, ஸ்கீ. மணிக்கு 50 கி.மீ. பக்கத்தில் ஓடுகிறவருக்கு, போட்டிக்காரர்களின் குறுகலான விறைப்பான கார்பன் ஸ்கீ உதவுவதைவிடப் படுத்துவதுதான் அதிகம். அந்த வேகத்தில் அது தண்ணீரில் ஆழமாக அமிழ்ந்து போகும், திரும்பும்போது நின்றுவிடும், உடனே கயிறு தொய்ந்து அடுத்த நொடி தோளைப் பிடுங்கும். கொஞ்சம் அகலமான ஸ்கீ மேலே மிதந்து வேகத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும். நீளம் உங்கள் எடையையும் வேகத்தையும் பொறுத்தது, எல்லா நிறுவனங்களும் அட்டவணை தருகின்றன. இரண்டு அளவுக்கு நடுவில் விழுந்தால் பெரியதை எடுங்கள். ஹெச்ஓ, ராடார், கானலி, டி3, கூட் எல்லாமே நல்ல ஸ்கீதான் செய்கின்றன, பெயருக்காகச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. பழையது வாங்கினால் முன் பூட் பக்கத்தில் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று அமுங்கினால் வேண்டாம். திருகு மாட்டும் துளைகள் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஸ்கீயைவிட நான் அதிகம் யோசிப்பது பூட்டையும் கைப்பிடியையும்தான். இரண்டு பூட், முன்னால் பூட் பின்னால் வெறும் பட்டை, ஸ்கீயிலிருந்து மொத்தமாகப் பெயர்ந்து வரும் கடினக்கூட்டு பூட் என்று வகைகள் உண்டு. எதை எடுத்தாலும் கேட்க வேண்டியது, விழும்போது என் கால்கள் எப்படி வெளியே வரும்? ஒரு கால் கழன்று இன்னொரு கால் மாட்டிக்கொண்டிருப்பதுதான் கணுக்காலுக்கும் தொடைத் தசைக்கும் ஆகாத நிலை. கைப்பிடி தடிமனாக இருந்தால் முன்கை சீக்கிரம் செத்துவிடும், பிடித்துப் பார்த்து விரல் நுனி உள்ளங்கையைத் தொடுகிற மாதிரி இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கைப்பிடிக்கும் கயிற்றுக்கும் நடுவிலிருக்கும் முக்கோணத்தில் கை நுழையாதபடி வலை போட்டது கிடைக்கும், அதையே வாங்குங்கள். வேக்போர்டுக்கான, அதாவது படகின் அலையில் குதித்து ஓடும் பலகைக்கான, நீளாத கயிற்றை வைத்து ஸ்லாலம் ஓடாதீர்கள். ஸ்லாலம் கயிறு கொஞ்சம் நீண்டு கொடுக்கும், ஒவ்வொரு இழுப்பிலும் முதுகு அதற்கு நன்றி சொல்லும்.

பயிற்சிக் கருவிகளில் கேமராவுக்குத்தான் முதல் இடம். படகின் நடுக்கம்பத்தில் மாட்டினால் கயிறு போகும் பக்கமெல்லாம் தானே திரும்பிப் படம் பிடிக்கும் வேக்ஐ போன்ற தாங்கிகள் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் படகில் உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு போன் போதும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இடுப்பு பின்னால் விழுந்திருப்பதும், படகு கிளப்பும் அலையைக் கடக்குமுன்பே கை மடங்குவதும் அப்பட்டமாகத் தெரியும், அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. தரையில் ஒரு கைப்பிடியைத் தூணில் கட்டிச் சாய்ந்து நிற்கும் பயிற்சி பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் பலன் உண்டு. மிதவைகளை நடுக்கோட்டுக்கு நெருக்கமாகப் போட்ட சின்ன கோர்ஸ் கிடைத்தால் விடாதீர்கள், எட்டாத மிதவையை நோக்கி முண்டுவதைவிட எட்டுகிறதைத் தாளத்தோடு சுற்றுவதில்தான் ஓட்டம் படியும். அப்புறம் ஃபின் அளக்கும் காலிப்பர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நீளம், ஆழம், வால் முனையிலிருந்து தூரம் என்று அளக்கலாம். 18.25இல் நாலு மிதவையோடு நிற்கிறவர் கரையில் உட்கார்ந்து ஃபின்னை ஆயிரத்தில் இரண்டு பங்கு நகர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நிறுவனம் சொன்ன அளவில் ஃபின் இருக்கிறதா, திருகு தளர்ந்து நகர்ந்துவிட்டதா என்று சரிபார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி படகு. 1968இல் டென்னசியில் ஸ்கீ பள்ளி நடத்திய ராப் ஷெர்லி, இருந்த படகுகள் கிளப்பும் அலை பிடிக்காமல் தானே ஒன்று கட்டினார், அதுதான் மாஸ்டர்கிராஃப்ட். ஸ்லாலம் படகின் கதை அன்றிலிருந்து இன்றுவரை பின்னால் எழும் அலையைச் சின்னதாக்கும் கதைதான். எஞ்சின் நடுவில் உட்கார்ந்து, சுழலியின் தண்டு நேராகப் பின்னால் போகும் வகைதான் இதற்கு ஏற்றது: மாஸ்டர்கிராஃப்ட் ப்ரோஸ்டார், ஸ்கீ நாட்டிக், மாலிபு ரெஸ்பான்ஸ். எடை நடுவில் இருப்பதால் படகு தட்டையாக ஓடும், கயிறு கட்டும் கம்பமும் நடுவிலேயே இருப்பதால் நீங்கள் இழுக்கும்போது படகின் வால் அவ்வளவாக ஆடாது. எஞ்சினைப் பின்னால் வைத்த வேக்போர்டு படகுகள் பெரிய அலைக்காகவே செய்தவை, அவற்றின் பின்னால் ஸ்லாலம் ஓடுவது வேகத்தடை மேல் ஓடுவது மாதிரிதான்.

ஆனால் இந்த நல்ல படகுகளிலும் அலை எல்லாக் கயிற்று நீளத்திலும் ஒரே மாதிரி இருக்காது. கயிறு குறையக் குறைய நீங்கள் படகுக்கு நெருங்குகிறீர்கள், அலையை வேறு இடத்தில் கடக்கிறீர்கள். 16 மீட்டரில் மேடாக முட்டும் படகு 12இல் வழவழவென்று இருக்கலாம். வேகம் குறைந்தாலும் மேடு பெரிதாகும். ஆகவே ஒரு சாம்பியன் 11.25இல் ஓடிவிட்டு அலையே இல்லை என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கும், உங்களுக்கு மட்டும் பயன்படாது.

அடுத்தது வேகக் கட்டுப்பாடு. நீங்கள் பலமாக இழுக்கும்போது படகு வேகம் இழக்காமல் பிடித்து நிறுத்துவது அதுதான். போட்டிகளில் இருப்பது ஜிபிஎஸ்ஸில் இயங்கும் ஜீரோ ஆஃப். எஞ்சின் எப்போது, எவ்வளவு பலமாகத் திருப்பி இழுக்க வேண்டும் என்பதை அதில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கலாம். வேகம் கூட்டும் த்ராட்டில் கேபிளால் இயங்கும் பழைய படகில் ஜீரோ ஆஃப் போட முடியாது, பர்ஃபெக்ட்பாஸ் என்ற வேறொரு வேகக் கட்டுப்பாட்டை மாட்டலாம், பழகுவதற்கு அது தாராளம். என் கணக்கில், நல்ல வேகக் கட்டுப்பாடு உள்ள பழைய படகு, அது இல்லாத பளபளப்பான படகைவிட மேல். கையால் வேகம் பிடிக்கும் ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒவ்வொரு ஓட்டமும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், சொதப்பியது நீங்களா படகா என்றே தெரியாது.

பழைய படகென்றால் அடியில் ஓடும் நீளவாட்டுத் தாங்கிகள் மரமா என்று கேளுங்கள், மரமானால் ஊறி உளுத்திருக்கலாம், எஞ்சின் திருகுகளின் பக்கத்தில் தட்டிப் பார்த்தால் தெரியும். உப்புத் தண்ணீரில் ஓட்டியிருந்தால் குளிர்விக்கும் அமைப்பைத் தனியாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சோதனை ஓட்டத்துக்கு உங்கள் சொந்த ஸ்கீயோடு போங்கள், வழக்கமாக உங்களோடு வருகிற அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், பின் இருக்கையில் இரண்டு பேர் கூடினாலே அலை மாறிவிடும். உங்கள் வேகத்தில், உங்கள் கயிற்றில், இரண்டு பக்கத்திலிருந்தும் அலையைக் கடந்து பாருங்கள். ஓட்டிக் காட்டுகிறேன், நீங்கள் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் போதும் என்று விற்பவர் சொன்னால், அடுத்த படகைத் தேடுங்கள்.