மும்பையில் நாணயக் காப்பாளர் பணிக்கு நான் வந்த வழி

சென்னையில் வரலாற்றில் முதுகலை முடித்தபின், மாதுங்காவில் சித்தப்பா வீட்டில் தங்கி, மும்பைப் பல்கலைக்கழகத்தின் கலினா வளாகத்தில் நாணயவியல் படித்தேன். பிராமி எழுத்து ஏற்கெனவே ஓரளவு பழக்கம்; பண்டைய வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டியையும் கிரேக்க எழுத்துகளையும் அங்குதான் கற்றேன். மேற்கிந்தியாவை ஆண்ட க்ஷத்ரபர்களின் தொடக்ககாலக் காசுகளை இம்மூன்றும் தெரியாமல் படிக்க முடியாது.

பிறகு அருங்காட்சியகம் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது, முதலில் கிடைத்தது எடை போடும் வேலைதான். காசை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும்; எவ்வளவு கறுத்திருந்தாலும் தேய்த்துத் துலக்கக் கூடாது. (புளி போட்டு விளக்கிய செப்புக் காசோடு வருகிறவர்களைக் கண்டால் இன்றும் எனக்கு வயிறு எரியும்.) எடை, விட்டம், உலோகம் ஆகியவற்றோடு, முன்புற உருவம் நேராக நிற்கும்படி பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் பின்புறத்தின் மேல்பகுதி கடிகாரத்தின் எந்த மணியை நோக்கி நிற்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். காசு அடித்த அச்சுக்கூடத்தின் வழக்கத்தை உணர்த்துவதும், சில வேளைகளில் போலியைக் காட்டிக்கொடுப்பதும் இந்தக் குறிப்புதான்.

நிரந்தரப் பணிக்கான நேர்காணலில் பட்டத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. தேய்ந்த வெள்ளிக் காசுகள் சிலவற்றைத் தட்டில் வைத்து விவரக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். அவற்றுள் ஒன்றில், மூன்று வளைவுகள் கொண்ட மலைச் சின்னத்துக்கு அடியில் ஒரு நெற்றியும் மூக்கும் மங்கலாகத் தெரிந்தன. க்ஷத்ரப மன்னன் நகபானனின் காசின் மீது சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணி தன் சின்னத்தை மறு அச்சிட்டிருந்தான். 1906-இல் நாசிக் அருகே ஜோகல்தம்பியில் கிடைத்த புதையலின் 13,000-க்கும் மேற்பட்ட காசுகளில் 9,000-க்கும் மேற்பட்டவை இவ்வகையைச் சேர்ந்தவை. நகபானனின் குலமான க்ஷகராத குலத்தைக் கௌதமிபுத்திரன் வேரறுத்தான் என்று சொல்லும் நாசிக் குகைக் கல்வெட்டுக்கு அவை வலுவான துணைச் சான்று. எந்த எழுத்து எந்த அச்சுக்குரியது என்று பிரித்து எழுதி, படிக்க முடியாத இடங்களைக் கோடிட்டு விட்டேன். ஊகித்து நிரப்பாததைத்தான் தேர்வுக்குழுவினர் கவனித்தார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

இப்போது என் நேரத்தில் பெரும்பகுதி பதிவேட்டுக்கே போகிறது. கட்டுரை எழுதுவதெல்லாம் மாலையில்தான். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் வழியாக வரும் காசுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து இங்கே இந்தத் துறைக்கு வர விரும்புகிறவர்கள் முன்கூட்டியே மராத்தி படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. புதையலோடு வரும் பஞ்சநாமா (சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படும் பதிவு) அந்த மொழியில்தான் இருக்கும்.