பத்துக்கு மூன்று வாங்கித் தந்த கேள்வி

தாதிமை டிப்ளோமா முதலாண்டுச் சோதனையில் வந்த கேள்வி: ஆக்சிஜன் பற்றாக்குறைக்கும் சுவாசச் செயலிழப்புக்கும் என்ன தொடர்பு? "நுரையீரல் கெட்டால் ஆக்சிஜன் குறையும்" என்பதையே இரண்டு பக்கத்துக்கு இழுத்தேன். பத்துக்கு மூன்று புள்ளி.

விடுமுறைக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊருக்கு வந்தபோது பெரியப்பாவிடம் புலம்பினேன். செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய மனிதர். "மில்லுக்குப் பழம் வரலன்னா குலை வெட்டுறவனையே திட்டுவியா, ம்மா? டிராக்டர் பத்தாம இருக்கலாம், மண்ரோட்டுல மாட்டியிருக்கலாம். பழம் வந்தும் மில்லு ரிப்பேரா கிடக்கலாம்லா" என்றார்.

எண்ணெய் மில் என்பதை உயிரணு, பழம் ஆக்சிஜன், டிராக்டர் அதைச் சுமக்கும் சிவப்பணு, ரோடு ரத்த ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவாசச் செயலிழப்பு, பழம் ஏற்றுகிற இடத்திலேயே கோளாறு. ரத்தசோகையில் டிராக்டர் குறைவு. மாரடைப்பு அதிர்ச்சியில் ரோடு அடைப்பு. சயனைடு விஷத்தில் மில்லே படுத்துவிட்டது. பின் மூன்றிலும் நுரையீரல் நன்றாகவே இருக்கலாம்; ஆனாலும் உயிரணு பட்டினி. ரத்தசோகைக்காரருக்கு, ரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவைப் பார்க்க விரலில் மாட்டும் கருவி 99 விழுக்காடு காட்டுவதும் இதனால்தான்: இருக்கிற நாலு டிராக்டரும் நிறைந்துதான் ஓடுகின்றன. கார்பன் மோனாக்சைடு இன்னும் மோசம். வேறு சரக்கை ஏற்றிய டிராக்டரையும் பழம் என்றே எண்ணிவிடும் அந்தக் கருவி.

அடுத்து எண்கள். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால் சுவாசச் செயலிழப்பு. கருவியில் அது ஏறக்குறைய 90 விழுக்காடு. அழுத்தத்தையும் இந்த விழுக்காட்டையும் சேர்த்து வரையும் வளைகோடு அதற்குக் கீழே செங்குத்தாகச் சரியும். கரியமில வாயு ஏறாவிட்டால் முதல் வகை, நிமோனியா மாதிரி. அதன் அழுத்தம் 45-ஐத் தாண்டினால் இரண்டாம் வகை. சில புத்தகங்கள் 50 என்கும். உங்கள் மேடம் சொன்னதையே எழுதுங்கள், சண்டை வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பில் கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவருக்கு ஆக்சிஜன் கொடுத்தால் இலக்கு கருவியில் 88 முதல் 92 விழுக்காடு வரை. பாவம் பார்த்து நூறுக்கு ஏற்றினால் கரியமில வாயு ஏறி ஆள் மயங்கிவிடலாம். என் வார்டுப் பயிற்சியில் குழாயைத் திருகப் போன என் கையை ஒரு மூத்த மிஸி (தாதி) தட்டிவிட்டார்.

நான் அறவே எழுதாமல் விட்டது, தொடர்பு எதிர்த்திசையிலும் ஓடும் என்பதை. ஆக்சிஜன் கடுமையாகக் குறைந்தால் மூளையின் சுவாச மையம் மங்கும், உதரவிதானம் களைக்கும். அப்போது பற்றாக்குறையே செயலிழப்பை உண்டாக்குகிறது. இரண்டு அம்பும் போடுங்கள்.

மறுசோதனையில் ஆஸ்துமா நோயாளி ஒருவரின் ரத்த அறிக்கை வந்தது. வேகவேகமாக மூச்சு வாங்குகிறவருக்குக் கரியமில வாயு குறைந்திருக்க வேண்டும். தாளில் 40 என்றிருந்தது. பக்கத்து மேசைத் தோழி "நார்மல்" என்று எழுதினாளாம். நான் "களைத்துவிட்டார், உடனே டாக்டரைக் கூப்பிடணும்" என்று எழுதினேன்.