குரலை உள்ளே தள்ளும் வேலை

பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங் அறையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் "வாய்ஸைக் கொஞ்சம் மேலே ஏத்துங்க" என்பதுதான். பாடகர் சொல்வார், தயாரிப்பாளர் சொல்வார், சும்மா கூட வந்து உட்கார்ந்த அவருடைய மைத்துனரும் சொல்வார். தப்பில்லை, நம்ம பாட்டுக்கு வரிதானே உயிர். அதனால் ஒரு சின்னக் குழு ஷூகேஸ் (shoegaze, கிட்டார் இரைச்சலில் குரல் கரைந்து கிடக்கும் ராக் வகை) ஆல்பத்தோடு வந்து "குரல் கிட்டாருக்குள்ளே இருக்கணும் அண்ணா, மேலே மிதக்கக் கூடாது" என்றபோது சுவாரசியமாகிவிட்டது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினால் வந்துவிடாதா என்று கேட்கலாம். இறக்கினால் குரல் காணாமல் போகும், கலக்காது.

குழு கொடுத்த முன்மாதிரி, மை ப்ளடி வாலண்டைன் என்ற ராக் குழுவின் 'லவ்லெஸ்' ஆல்பம். 1989இல் ஆரம்பித்து, சுமார் 19 ஸ்டுடியோக்கள் மாறி, 1991 நவம்பரில் லண்டனின் கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் வழியாக வெளிவந்தது. இரண்டரை லட்சம் பவுண்டு செலவாகிக் கம்பெனியே ஆட்டம் கண்டது என்பார்கள். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டதில்லை. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஆலன் மோல்டர், அஞ்சலி தத் போன்ற ஓரிருவரைத் தவிர, ஸ்டுடியோவோடு சேர்ந்து வந்த எஞ்சினியர்கள் பலருக்கு அங்கே செய்ய வேலையே இல்லையாம், ஆனாலும் டீ போட்டுக் கொடுத்தவர் வரைக்கும் பெயர் போட்டிருக்கிறார்கள். நம்ம தொழிலில் ராத்திரி பகலாக உழைத்தவன் பெயரே விட்டுப்போவது உண்டு.

சரி, சத்தத்துக்கு வருவோம். ஷீல்ட்ஸ் மீட்டும் கையிலேயே, தந்திகளின் ஸ்ருதியை வளைக்கும் ட்ரெமலோ கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு வாசிப்பார். மொத்தக் கார்டும் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) ஸ்ருதியிலிருந்து விலகி விலகித் திரும்பும். கமகத்தில் ஒரு ஸ்வரம் அசைவதுபோல இங்கே ஒரு கார்டே அசைகிறது. அதை ரிவர்ஸ் ரிவெர்பில், அதாவது எதிரொலி தலைகீழாக எழும்பி வருவதுபோல் ஒலிக்கும் எஃபெக்டில், விட்டால் மீட்டலின் முனை மழுங்கிவிடும். நூற்றுக்கணக்கில் கிட்டார் அடுக்கியிருப்பார்கள் என்று பலரும் நம்பினார்கள், ஆனால் சாதாரண டெமோவில் (மாதிரிப் பதிவில்) இருப்பதைவிடக் குறைவான கிட்டார் டிராக்குகள்தான் என்பது ஷீல்ட்ஸ் சொன்ன பதில். குரலுக்கும் அதே வைத்தியம்தான்: குழுவின் பாடகி பிலிண்டா புட்சர் பல தடவை தூக்கத்திலிருந்து எழுந்த கையோடு பாடியிருக்கிறார், எஞ்சினியர் பார்க்காதபடி நடுவில் இருந்த கண்ணாடிச் சன்னலுக்குத் திரை போட்டுவிட்டு. பல டேக்குகளை, அதாவது ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிய பதிவுகளை, ஒன்றாகவே ஓடவிட்டதால் மெய்யெழுத்தின் கூர்மை கரைந்து உயிரெழுத்து மட்டும் நிற்கிறது.

இதைத்தான் நாங்களும் செய்தோம். பாடகனைக் கிசுகிசுப்பாகத் திரும்பத் திரும்பப் பாடவைத்து, நல்ல டேக்கைப் பொறுக்காமல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, ச, ட, க வந்த இடங்களின் முனையை ஒவ்வொன்றாகத் தட்டினேன். அலுப்பான வேலை. அப்புறம் பார்த்தால் ஃபேடர் ஒன்றும் அவ்வளவு கீழே இல்லை.

ரிலீஸுக்கு முன் நடக்கும் கடைசி மெருகேற்றலான மாஸ்டரிங்கில் ஒரு சச்சரவு. மற்ற பாட்டுகளின் சத்தத்துக்கு இதையும் கொண்டுவர வேண்டும் என்றார் மாஸ்டரிங் செய்தவர். சத்தத்தின் உச்சங்களை அமுக்கும் லிமிட்டரை அழுத்தியதும் கிட்டாரின் அந்த அசைவு செத்தே போனது. வேண்டாம், சத்தம் குறைவாகவே போகட்டும் என்று குழு சொல்லிவிட்டது. நானும் அவர்கள் பக்கம்தான். கேட்கிறவர்கள் கையில்தான் வால்யூம் இருக்கிறதே, கூட்டிக்கொள்ளட்டும்.