புதன் மதிய போல்ட்

அப்பாவின் பழைய மாத்திரை டப்பாவை நான் தொட்டிருக்கவே கூடாது. ஆனால் அதுவாக என்னைக் கூப்பிட்டது. 7 நாள், நாளுக்கு 3 வேளை, மொத்தம் 21 அறை. இரண்டு மூடி உடைந்து மிச்சமெல்லாம் தளர்ந்துபோனதால் அப்பா புதிது வாங்கிக்கொண்டு இதை ஓரங்கட்டிவிட்டார். பைக்கைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு அது மாத்திரை டப்பாவாகவா தெரியும்?

முதலில் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஹேண்டில்பாரை 30 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. என் பைக் வகைக்கு ஸ்போர்ட் டூரிங் என்று பெயர் வைத்தவர்கள் இரண்டு பேரை மனதில் வைத்திருக்கிறார்கள். வளைவில் வண்டியைச் சாய்க்க ஆசைப்படுகிறவன் ஒருவன், ஒரே நாளில் 600 கிலோமீட்டர் உட்கார்ந்தே போகிறவன் இன்னொருவன். எனக்கு மனசு முதல் ஆள், இடுப்பு இரண்டாவது ஆள். இருவருக்கும் நடுவே பஞ்சாயத்து பேசத்தான் ஹேண்டிலை உயர்த்துகிற அந்த ரைசர் கிட் வந்தது. அலுமினியத் துண்டு இரண்டு, நீள போல்ட் நான்கு, எதற்கென்றே தெரியாமல் பளபளவென்று கூடுதலாக ஒன்று. “அரை மணி நேர வேலை” என்று மனைவியிடம் சொன்னேன். அவள் எதுவும் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்ததையெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினாள்.

ரைசர் அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது, அதில் பொய்யில்லை. என்ஜினை ஸ்டார்ட் செய்து ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன். வண்டி தானாக உய்ங் என்று ஏறியது. ஹேண்டில் உயர்ந்ததில் த்ராட்டில் கேபிள், அதாவது ஆக்சிலரேட்டர் கேபிள், இழுபடுகிறது. சாலையில் யூ டர்ன் அடிக்கும்போது இப்படி ஏறினால், 290 கிலோ வண்டி நம்மைக் கேட்காமலேயே எதிர்ச் சுவரை விசாரிக்கப் போகும். கேபிளை வேறு வழியாகக் கொண்டுபோக டேங்கைத் தூக்க வேண்டும். டேங்கைத் தூக்க, காற்றைத் தடுக்கிற பிளாஸ்டிக் கவசமான ஃபேரிங்கைக் கழற்ற வேண்டும். முன் பிரேக் ஹோஸும் விறைத்துக்கொண்டு நின்றது, ஆக அதற்கும் நீளமான ஸ்டீல் பின்னல் ஹோஸ். ஹோஸை மாற்றினால் பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டும்.

அப்புறம்தான் அந்த வாக்கியம் வந்தது. வீட்டில் வண்டி பிரிக்கிற எல்லாரையும் குட்டிச்சுவராக்கிய வாக்கியம். பிரித்ததே பிரித்தோம், ஏர் ஃபில்டரைப் பார்த்துவிடலாம். பிரித்ததே பிரித்தோம், பிளக்கை மாற்றிவிடலாம். என் வண்டிக்கு வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு மேலே விட்டிருக்கும் நூலிழை இடைவெளி, 42,000 கிலோமீட்டரில் பார்க்க வேண்டும், ஓடியிருப்பது 44,000. பிரித்ததே பிரித்தோம். சாயங்காலத்துக்குள் வண்டி எலும்புக்கூடாக நின்றது. எதிர்வீட்டு சார் வாக்கிங் முடித்துவிட்டு வந்தவர், “விக்கப் போறீங்களா?” என்றார். எடைக்கா என்று சேர்த்துக் கேட்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

ஃபேரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1976-இல் பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ், காற்றுச் சுரங்கத்தில் வைத்து வடிவமைத்த முழு ஃபேரிங்கோடு தொழிற்சாலையிலிருந்தே வெளியே வந்தது. நெஞ்சில் காற்று அறையாமல் நாள் முழுக்க வேகமாகப் போகலாம். வரப்பிரசாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஃபேரிங் வடிவமைக்கிறவர்கள் எவரும் அதைத் திரும்பக் கழற்றுகிற வீட்டில் குடியிருந்ததாகத் தெரியவில்லை. என் வண்டியில் போல்ட் 16, 20, 25, 30 மில்லிமீட்டர் என்று நான்கு நீளம். தலை மட்டும் நான்குக்கும் ஒன்று. நடுவில் குத்தினால் விட்டுக்கொடுக்கிற பிளாஸ்டிக் ரிவெட்டுகள் தனிக் கணக்கு. நீள போல்ட் போக வேண்டிய இடத்தில் குட்டையைப் போட்டால், அது இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் மரையையும் பிடுங்கிக்கொண்டு வரும். குட்டையின் இடத்தில் நீளத்தைப் போட்டால் உள்ளே எதையாவது போய் முட்டும். நமக்கு இறுகியது போல இருக்கும், இறுகியிருக்காது. இன்னும் கொஞ்சம் என்று ஆத்திரப்பட்டால் தீர்ந்தது. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் முறுக்கே ஏறக்குறைய எல்லை. அலுமினிய மரை அதற்கு மேல் மன்னிக்காது.

இதற்காகத்தான் மாத்திரை டப்பா. திங்கள் காலை: இடது ஃபேரிங், மேல் வரிசை. திங்கள் மதியம்: இடது, கீழ் வரிசை. வியாழன் இரவு: டேங்க். இப்படியே எழுதி ஒரு காகிதத்தில் வரைபடமும் போட்டேன். கிட்டில் கூடுதலாக வந்த அந்தப் பளபள போல்ட்டையும் அநாதையாக விட மனமில்லை. அதற்குப் புதன் மதியம் கொடுத்து, நேரே ‘எங்கேயும் போகாது’ என்று எழுதி வைத்தேன்.

பிரேக் வேலையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆயில் டப்பா மூடியில் இருக்கும் ஸ்க்ரூ, பார்க்கச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ மாதிரிதான் இருக்கும். ஜப்பான் வண்டிகளில் அது ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் அளவு. ஃபிலிப்ஸ் முனையை வைத்துத் திருகினால் வழுக்கி மேலே ஏறி, ஸ்க்ரூ தலையை மொட்டையடித்துவிடும். இதைக் கற்றுக்கொள்ள நான் ஏற்கெனவே இரண்டு தலைகளைக் காவு கொடுத்தவன். டாட் 4 ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும், சிந்தினால் பெயின்ட்டையும் தின்னும். அதனால் டேங்க் மேல் மூன்று துண்டு, பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர். காற்றுக் குமிழியெல்லாம் எடுத்த பிறகும் லீவர் கொஞ்சம் பஞ்சு மாதிரியே இருந்தது. லீவரை அழுத்திக் கட்டி ராத்திரி முழுக்க அப்படியே விட்டால் மிச்சக் குமிழிகளும் மேலேறிவிடும். கட்டுவதற்குக் கைக்கு அகப்பட்டதைக் கட்டினேன். காலையில் சின்னவள் பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில், “என் பிங்க் ஹேர்பேண்ட் எங்க?” என்று வீட்டைத் தலைகீழாக்கினாள். பைக் போட்டிருக்கிறது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவளே போய்ப் பார்த்துக்கொண்டாள்.

வால்வ் பார்க்க என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதால் அதை மறுநாள் காலையில் வைத்துக்கொண்டேன், லீவு போட்டுவிட்டு. மொத்தம் 16 வால்வ். எக்ஸாஸ்ட் பக்கம் 0.18-க்கும் 0.25 மில்லிமீட்டருக்கும் நடுவே இருக்க வேண்டும். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகிச் செருகிப் பார்த்ததில் பதினைந்து ஒழுங்கு. ஒன்று மட்டும் சரியாக 0.18, கோட்டின் மேல் கால் வைத்துக்கொண்டு நிற்கிறது. டிக் டிக் என்று சத்தம் போடும் வால்வைப் பார்த்து ரொம்பப் பயப்பட வேண்டியதில்லை, இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் இல்லாததைத்தான் கவனிக்க வேண்டும். இடைவெளி குறையக் குறையச் சத்தமும் அடங்கும். கடைசியில் வால்வ் முழுசாக மூடாமல் எரிந்துபோகும்.

அப்பா சத்தம் போடுகிற வால்வ். அந்த வண்டி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து டிக் டிக்தான். பிரித்த அன்றைக்கு மட்டும் வாசலுக்கு நான்கு தடவை வந்து, “மரை கழண்டது வண்டிக்கா, உனக்காடா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஆகவே அவர் விஷயத்தில் எனக்குக் கவலையில்லை.

சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருந்தது. டப்பா பத்திரமாக இருக்கட்டும் என்று உள்ளே எடுத்துக்கொண்டு வந்தேன். பத்திரப்படுத்துகிற பொருள்தானே எப்போதும் தொலைகிறது. வாசற்படி மிதியடியில் கால் தடுக்கியது. மாத்திரையின் எடைக்குச் செய்த மூடிகள் இரும்பின் எடையைத் தாங்குமா? திங்களிலிருந்து ஞாயிறு வரை ஒரே நொடியில் கூடம் முழுக்க ஓடியது. ஒரு போல்ட் உருண்டு உருண்டு எங்கேயோ போய் ‘டிங்’ என்று நிற்கிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

யாரும் பேசவில்லை. சின்னவள்கூட. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏதாவது சொல்லுவார் என்று அப்பாவைப் பார்த்தேன். அவரும் சத்தம் போடவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்பா எழுந்து போய் ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். “எல்லாத்தையும் பொறுக்கி இதுல போடு” என்றார்.

அப்பா அந்தக் காலத்தில் அச்சாபீஸில் ஈய எழுத்து கோர்த்தவர். அச்சுக் கோர்த்ததைவிட, அடித்து முடித்த பிறகு எழுத்துகளை அந்தந்த அறையில் திரும்பப் போட்டதைத்தான் பெருமையாகச் சொல்வார். அதற்கும் பிரிப்பது என்றுதான் பெயர். ஈய எழுத்தின் உடம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், விரல் அதைத் தொட்டதும் எது தலை எது கால் என்று தெரிந்துவிடும், கண் எதற்கு என்பார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பேப்பரில் தலைப்போடு நிறுத்திக்கொள்கிற மனிதர், நகத்தால் மரையை நெருடி நெருடி நான்கு நீளத்தையும் நான்கு குவியலாக்கினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் திருட்டுத்தனமாக ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.

அப்புறம் ஒவ்வொரு குவியலையும் மறுபடி இரண்டாகப் பிரித்தார். வெளுத்துப்போனது ஒரு பக்கம், கறுப்பு மாறாதது ஒரு பக்கம். “இதெல்லாம் வெயில் பார்த்த தலை. இதெல்லாம் பார்க்காத தலை.” அட ஆமாம். வெளியே தெரியும் போல்ட்டுகள் வெளுத்திருக்கின்றன, பேனலுக்கு அடியில் ஒளிந்திருந்தவை புதிதாகவே இருக்கின்றன. எட்டு வருஷமாக இந்த வண்டியைத் துடைக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. மீதிச் சந்தேகத்துக்கு ஓட்டைக்குள் தீக்குச்சியை விட்டு ஆழம் பார்க்கச் சொன்னார். நான் வாசலில் தீக்குச்சியோடு “பதினெட்டு” என்று கத்த, உள்ளேயிருந்து வரைபடத்தை மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டு அவர் பதில் சொல்ல, இரண்டு நாள் இப்படியே போனது. இடையில் ஒரு தடவைகூட மரை கழண்ட பேச்சு வரவில்லை. அந்தக் காகிதத்தை ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார் என்று சின்னவள் சொன்னாள்.

வண்டி சேர்ந்துவிட்டது. த்ராட்டில் இழுக்கவில்லை, லீவர் கல் மாதிரி நிற்கிறது, இடுப்பும் மனசும் பேச ஆரம்பித்திருக்கின்றன. ஒரு போல்ட்கூட மிச்சம் இல்லை என்பதுதான் கொஞ்சம் உதைத்தது.

இன்றைக்கு மதியம் அப்பா புது டப்பாவில் புதன் மதிய அறையைத் திறந்தார். இரண்டு மாத்திரைக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு போல்ட். அதைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார்.

“டேய், இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“எங்கப்பா கிடைச்சுது?”

“கட்டிலுக்கு அடியில. உன் வண்டியில ஒண்ணு குறையுது பாரு. அப்ப மறுபடி பிரிக்கணும்ல?”

வெயிலே பார்க்காத தலை. மரையில் ஒரு கீறல் இல்லை. காகிதத்தில் நான் அதற்கு நேரே எழுதியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்பா படித்திருக்கிறார் என்று நம்புவது கொஞ்சம் கஷ்டம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என் பதிலுக்குக் காத்திருந்தார்.

“ஆமாப்பா. பிரிக்கணும்.”

“ஞாயித்துக்கிழமையா?”

“ஞாயித்துக்கிழமைதான்.”

மனைவி எதுவும் பேசவில்லை. காலண்டரை எடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமையில் எழுதியிருந்ததை அடித்து அடுத்ததில் எழுதினாள்.