மயாமி ஷோபேண்டும் ஒரு மூக்குக்கண்ணாடியும்

மார்ச் 4, 2025, செவ்வாய்

நெட்ஃபிளிக்ஸில் 2019-இல் வந்த ஆவணப்படம் ஒன்றைப் பார்க்க ஆரம்பித்தேன். அயர்லாந்தின் மயாமி ஷோபேண்ட் குழுவில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்ட கதை. ஷோபேண்ட் என்றால் நம் மெல்லிசைக் குழு மாதிரிதான். ஹிட் பாட்டுகளை ட்ரம்பெட், சாக்ஸபோனோடு வாசிப்பார்கள். ஊர் ஊராக நடன அரங்குகளில் கூட்டம் அள்ளும். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் அடித்துக்கொண்ட காலத்திலும் இரண்டு தரப்பு இளசுகளும் அங்கே சேர்ந்து ஆடினார்கள். குழுவுக்குள்ளேயே இரண்டு தரப்பும் உண்டு.

மார்ச் 5, புதன்

பாதிப் படத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

1975 ஜூலை 31, அதிகாலை இரண்டரை மணி வாக்கில். பிரிட்டன் ஆட்சியில் இருக்கும் வட அயர்லாந்தின் பான்பிரிட்ஜில் கச்சேரியை முடித்துவிட்டு மினிபஸ்ஸில் டப்ளின் திரும்புகிறார்கள். நியூரிக்கு வடக்கே பஸ்கில் என்ற இடத்தில் ராணுவ உடையில் சிலர் சிவப்பு விளக்கைக் காட்டி நிறுத்துகிறார்கள். அந்த ஊரில் தினம் நடப்பதுதான், யாரும் பதறவில்லை. இறங்கி, தலையில் கைவைத்து, சாலையோரப் பள்ளத்தைப் பார்த்து வரிசையாக நிற்கிறார்கள். அரட்டையும் கிண்டலும்கூட நடக்கிறது. வண்டியின் பின்பக்கம் யாரோ குடைகிற சத்தம். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீபன் டிராவர்ஸுக்குத் தன் கிட்டார்மேல் கவலை; என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் போகிறார். முதுகில் ஒரு குத்து விட்டு வரிசைக்கே தள்ளுகிறார்கள். வாத்தியத்தைக் காசு சேர்த்து வாங்கியவன் எவனும் போய்ப் பார்த்திருப்பான்.

மார்ச் 6, வியாழன்

முடித்துவிட்டேன். வந்தவர்கள் யூ.வி.எஃப். என்ற புராட்டஸ்டண்ட் ஆயுதக் குழு. டிரைவர் சீட்டுக்கு அடியில் குண்டு வைத்து அனுப்பிவிட்டால் போகிற வழியில் வெடிக்கும், பாட்டுக்காரர்களே பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐ.ஆர்.ஏ. ஆயுதக் குழுவுக்குக் குண்டு கடத்தினார்கள் என்று ஊர் நம்பும். அதுதான் திட்டம். வைக்கும்போதே வெடித்து, வைத்த இரண்டு பேரும் செத்தார்கள். மற்றவர்கள் சுட ஆரம்பித்தார்கள். பாடகர் ஃபிரான் ஓ'டூல், கிட்டார் டோனி கெராட்டி, ட்ரம்பெட் பிரையன் மெக்காய் மூவரும் இறந்தார்கள். மெக்காய் புராட்டஸ்டண்ட். டிராவர்ஸ் குண்டடிபட்டு, பிணம்போலக் கிடந்து பிழைத்தார். சாக்ஸபோன் டெஸ் லீயும் தப்பினார். டிரம்மர் ரே மில்லர் அன்றைக்கு இவர்களோடு வராமல் தனியாக வீட்டுக்குப் போயிருந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

படத்தின்மேல் ஒரு மனக்குறை. இடையில் ஆங்கிலேய உச்சரிப்போடு ஓர் அதிகாரி வந்தார், அதன்பிறகு மற்றவர்கள் விறைப்பானார்கள் என்கிறார் டிராவர்ஸ். அவர் யார் என்ற தேடலில் படம் நிறைய நேரம் செலவழிக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அது இன்றுவரை விவாதத்தில் இருக்கும் சங்கதி. விவாதமே தேவையில்லாதது சம்பவ இடத்தில் கிடந்த ஒரு மூக்குக்கண்ணாடி. அதை வைத்துத்தான் போலீஸ் ஒருவனைப் பிடித்தது. 1976-இல் ஆயுள் தண்டனை பெற்ற இரண்டு பேரும் யூ.டி.ஆர். சிப்பாய்கள், அதாவது பிரிட்டிஷ் ராணுவத்தின் உள்ளூர்ப் படைப்பிரிவு. அரசு சம்பளம் வாங்கியவர்களே அந்தச் சாலையில் நின்றிருக்கிறார்கள். மர்ம அதிகாரி இல்லாமலேயே அரசு பதில் சொல்லியாக வேண்டும். இதைப் படம் போகிறபோக்கில் சொல்வதாகத்தான் எனக்குப் பட்டது.

மார்ச் 12, புதன்

பழைய வழக்குகளைத் தோண்டிய போலீஸ் குழுவின் 2011 அறிக்கையைப் பற்றிப் படித்தேன். யூ.வி.எஃப். ஆள் ராபின் ஜாக்சனின் கைரேகை, கொலையோடு தொடர்புள்ள துப்பாக்கியின் சைலன்சரில் இருந்திருக்கிறது. தலைமறைவாக இருக்கும்படி ஒரு மூத்த போலீஸ் அதிகாரியே எச்சரித்ததாக ஜாக்சன் சொல்லியிருக்கிறான். இந்தக் கொலைகளுக்கு அவன் தண்டனையே பெறவில்லை, 1998-இல் செத்துப்போனான்.

அப்புறம் 2021 டிசம்பரில் பிரிட்டிஷ் ராணுவ அமைச்சகமும் வட அயர்லாந்து போலீஸும், நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்த பிழைத்தவர்களுக்கும் குடும்பங்களுக்கும் ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு தர ஒப்புக்கொண்டன, பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல். அதே ஆண்டு ஜூலையில்தான், அந்தக் கலவரக் கால வழக்குகளுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைக்கும் திட்டத்தை லண்டன் அறிவித்திருந்தது. இழுத்துக்கொண்டே போனால் வழக்கே இல்லாமல் போயிருக்கும். நான் வக்கீலாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் சொல்லியிருப்பேன்.